ஆமையின் வீட்டில் விருந்தாளிகள்: கிழக்குக்கரைத் தீவுகளில் மூச்சுக்குழல் நீச்சல்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்த ஆமை கல்லாமை, இல்லாமை, பொறாமை போன்ற 'ஆமை'களே என்று மேடைப் பேச்சாளர்கள் விளக்கம் சொல்வதும் நமக்குப் பழகிப்போன ஒன்று. இக்கட்டுரை உண்மையான கடலாமையைப் பற்றியது. அது நம் வீட்டுக்குள் புகுவதில்லை. ஆண்டுதோறும் நாம்தான் கூட்டம் கூட்டமாக அதன் வீட்டுக்குள் புகுந்து வருகிறோம்.

தேர்வு முடிந்த கையோடு நண்பர்களாகச் சேர்ந்து பேருந்து ஏறி, குவாலா பெசுட் படகுத்துறைக்கோ மெராங் படகுத்துறைக்கோ போய் இறங்கும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர். அங்கிருந்து விரைவுப் படகில் பெர்ஹெந்தியான் அல்லது ரெடாங். மூன்று பகல், இரண்டு இரவு. அந்தத் தொகுப்புப் பயணத்தில் தவறாமல் இடம்பெறுவது ஸ்நோர்க்கலிங்; அதிலும் தவறாமல் இடம்பெறுவது ஆமை பார்த்தல். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இத்தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடிக் கிடக்கும். மார்ச்சில் திறந்து அக்டோபரில் அடங்கும். கிழக்குக்கரையில் ஆமைகள் முட்டையிட வரும் காலமும் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களை நாமும் தேர்ந்தெடுக்கிறோம், ஆமையும் தேர்ந்தெடுக்கிறது. இரு தரப்பு விருந்தினரும் ஒரே பருவத்தில் ஒரே கரைக்கு வந்து சேர்கிறார்கள். இதனால் விளையும் சிக்கல்களை அறிவியல் நோக்கில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொழிக் கழக மலர் என்பதால் முதலில் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

பெயர்கள் சொல்லும் செய்தி

தமிழில் நிலத்தில் ஊர்வதும் ஆமை, குளத்தில் கிடப்பதும் ஆமை, கடலில் நீந்துவதும் ஆமை. மலாய் மொழி இவ்விடத்தில் நம்மைவிடக் கண்டிப்பானது. கடலாமை 'பெஞ்ஞு', ஆற்றாமை 'துந்தோங்', நிலத்தாமை 'கூரா-கூரா', மென்மையான ஓடுடையது 'லாபி-லாபி'. ஒன்றை மற்றொன்றின் பெயரால் அழைத்தால் கிராமத்து மலாய்க்காரர் திருத்திவிடுவார்.

ஆனால் கடலாமைக்குள்ளேயே வகை பிரிப்பதில் தமிழ்க் கடலோடிகள் பின்தங்கியவர்கள் அல்லர். உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றுள் மலேசியக் கரைகளில் முட்டையிடுபவை நான்கு. பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை என்று அந்த நான்குக்கும் தமிழ்க் கடற்கரைகளில் பெயர் உண்டு. ஏழுவரி ஆமைக்கு மற்ற ஆமைகளைப் போல் கடினமான ஓட்டுத்தகடுகள் கிடையாது. தோல் போன்ற முதுகின்மேல் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை ஏழு வரம்புகள் ஓடும். தமிழ் மீனவர் அவற்றை எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்தார். திரெங்கானு மீனவரோ அதே முதுகைப் பார்த்து 'பெஞ்ஞு பெலிம்பிங்' என்றார். பெலிம்பிங் என்பது நாம் சந்தையில் வாங்கும் நட்சத்திரப் பழம். அதன் விளிம்புகளை நினைத்துக்கொண்டால் பெயர்ப் பொருத்தம் புரியும். வெவ்வேறு கரைகளில் நின்ற இரு கூட்டத்தாரின் கண்ணிலும் பட்டது அந்த வரம்புகள்தாம்.

நம் இலக்கியத்திலும் கடலாமை உண்டு. அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமிழிஞாழலார் நப்பசலையார், சூல்கொண்ட ஆமை கடற்கரை மணலில் முட்டையிட்டுப் புதைப்பதைக் காட்டுகிறார். முட்டையின் உருண்டை வடிவமும் அதன் புலால் நாற்றமும்கூட அவர் பார்வைக்குத் தப்பவில்லை. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அந்த முட்டைகளைக் காக்கும் என்றும் அப்பாடல் கூறுகிறது. இந்த ஒன்று மட்டும் இன்றைய உயிரியலோடு ஒத்துப்போகவில்லை. பெண் ஆமை குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பினால் திரும்பியதுதான். நம் கரைகளில் ஆண் ஆமை மணலை மிதிப்பதே இல்லை. இருந்தாலும் ஒரு காதல் பாடலுக்குள் இத்தனை நுட்பமான கடற்கரைக் காட்சியை வைத்த புலவரின் கண்ணை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று திருக்குறள். ஐம்புலன்களை உள்ளடக்குவதற்கு ஆமையை உவமையாக்கும் 126ஆம் குறளைப் பள்ளியிலேயே மனனம் செய்திருப்போம். அந்த உவமை நிலத்தாமைக்கும் குளத்தாமைக்கும் பொருந்தும். கடலாமைக்குப் பொருந்தாது. நீந்துவதற்காகத் துடுப்பாக மாறிவிட்ட அதன் முன்கால்களும், அதன் தலையும் ஓட்டுக்குள் போகா. ஆபத்து வந்தால் ஒடுங்கிக்கொள்ள அதற்கு வழியில்லை. நீந்தித் தப்புவது ஒன்றுதான் வழி. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஸ்நோர்க்கலிங்குக்கும் ஒரு சொல் வேண்டும். 'முக்குளித்தல்' என்றால் ஆழத்துக்கு இறங்குவது. முத்துக்குளித்தவர்களின் தொழில் அது. இதுவோ முகத்தைக் குப்புற வைத்து மிதப்பது. மூலச்சொல் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. நீர்மூழ்கிக் கப்பல் மேலே வராமலே காற்றை இழுத்துக்கொள்ள வைத்திருந்த குழாயின் பெயர் அது. ஆகவே 'மூச்சுக்குழல் நீச்சல்' என்பது தவறாகாது என்று கருதி இங்கே பயன்படுத்துகிறேன். படகோட்டியிடம் ஸ்நோர்க்கலிங் என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரையிலேயே நிற்க வேண்டி வரும்.

குழாயும் கண்ணாடியும்

மூச்சுக்குழலின் நீளம் ஏறத்தாழ ஒரு முழங்கை அளவுதான். ஏன் இன்னும் நீளமாகச் செய்து, ஒரு மீட்டர் ஆழத்தில் படுத்துக்கொண்டே ஆமையைப் பார்க்கக்கூடாது? சிறுவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி நல்ல கேள்வி. ஒரு மீட்டர் ஆழத்தில், மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் நீர் ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமமாகக் கூடுதலாக அழுத்தும். மார்பின் பரப்பை 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது 100 கிலோகிராம். குழாயின் மேல்முனையோ வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தில் இருக்கிறது. அத்தனை சுமையையும் விலா எலும்புகளால் தூக்கித்தான் ஒவ்வொரு மூச்சையும் இழுக்க வேண்டும். முடியாது. அது மட்டுமன்றி, குழாய் நீளமானால் நாம் விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கி மறுபடியும் நமக்குள் வரும். கரியமில வாயு கூடும், தலை சுற்றும். ஆகவே மூச்சுக்குழல் நம்மை நீரின் மேற்பரப்போடு கட்டிப்போடும் கருவி. ஆமை கீழே, நாம் மேலே. இந்த இடைவெளி இருவருக்கும் நல்லது.

கண்ணாடியின் கதை வேறு. நம் கண் ஒளியை வளைத்துக் குவிப்பதில் பெரும்பங்கு கருவிழியின் முன்பரப்பினுடையது. காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி நுழையும்போதுதான் அந்த வளைவு வேலை செய்யும். நீர் நேராகக் கண்ணைத் தொட்டால் அந்த ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். எல்லாம் மங்கலாகத் தெரியும். முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னால் ஒரு சிறிய காற்றறையை வைத்து அந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஆனால் நீரிலிருந்து காற்றறைக்குள் வரும்போது ஒளி மீண்டும் வளைவதால், பொருள்கள் இருக்கும் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். ஊருக்குத் திரும்பி, "சாப்பாட்டு மேசை அளவுக்கு ஆமை பார்த்தேன்" என்று சொல்லும் நண்பர் முழுப்பொய் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கு கண்ணாடியின் கைவரிசை. மீதியை அவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவோம்.

நீச்சல் தெரியாதவர்களும் உயிர்காப்பு மேற்சட்டையின் துணையால் மிதந்து பார்க்கலாம் என்பதால்தான் இவ்விளையாட்டு இவ்வளவு பரவலாகியிருக்கிறது. ஆயினும் மேற்சட்டையைப் படகிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்கும் துணிச்சல்காரர்களுக்கு ஒரு சொல். நீரில் மூழ்குபவர் திரைப்படத்தில் வருவதுபோல் கையை வீசிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். குப்புற மிதப்பவர் ஆமையைப் பார்க்கிறாரா, நினைவிழந்து கிடக்கிறாரா என்பது பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதிலும் கீழே இறங்கி ஆமையோடு படம் எடுப்பதற்காகப் பலமுறை வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்குவது மிகவும் ஆபத்தானது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது கரியமில வாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், உயிர்வளி தீர்ந்துபோன செய்தி மூளைக்கு எட்டும் முன்பே மயக்கம் வந்துவிடும். இருவர் இருவராகச் செல்வதும், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலிருந்து கவனிப்பதும் கட்டாயம்.

ஒரு மூச்சின் விலை

இனி ஆமையின் பக்கம் வருவோம். பெர்ஹெந்தியான் பெசார் கரையோரத்தில் கடற்புல் திட்டுகள் உள்ளன. அங்கே பேராமைகள் மேய வரும். மேய்ச்சல் என்ற சொல்லை நான் அணிக்காகப் பயன்படுத்தவில்லை. வளர்ந்த பேராமை பெரும்பாலும் தாவர உணவைத்தான் உண்கிறது. மாடு வயலில் மேய்வதைப் போலவே, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமில்லாமல், கடற்புல்லைக் கடித்துக் கடித்து நகரும். அழுங்காமைக்குப் பருந்தின் அலகுபோல் கூரிய வாய். பவளப்பாறை இடுக்குகளில் வளரும் கடற்பஞ்சுகளை அது தோண்டித் தின்னும். இந்த இரண்டு இனங்களைத்தாம் மூச்சுக்குழல் நீச்சலில் நாம் பார்க்கிறோம். ஏழுவரி ஆமை ஆழ்கடல்வாசி; ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கக் கூடியது; சொறிமீன்களைத் தின்று வாழ்வது. அது தீவுப் பாறைகளில் மேய்ந்துகொண்டிருக்காது.

கடலாமைக்கு நுரையீரல்தான்; செவுள் இல்லை. பாறைக்கடியில் உறங்கும்போது ஒரே மூச்சில் மணிக்கணக்காக இருக்க முடியும். மேயும்போதும் நீந்தும்போதும் அப்படி முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். மேலே வந்ததும் ஓரிரு நொடிகளில் பழைய காற்றை ஒரே வீச்சில் வெளியேற்றி, புதுக்காற்றை நிரப்பிக்கொண்டு கீழே போய்விடும். அந்த ஓரிரு நொடிகள்தாம் அதன் வாழ்வில் மிகவும் திறந்துகிடக்கும் நேரம். கரையோரத்தில் விரைவுப் படகின் விசிறி ஆமையைத் தாக்குவது பெரும்பாலும் இந்நேரத்தில்தான். ஓட்டில் இணையான வெட்டுக்காயங்களோடு ஆமைகள் கரையொதுங்குவதற்குக் காரணம் இதுவே.

படகோட்டி "பெஞ்ஞு! பெஞ்ஞு!" என்று குரல் கொடுக்கிறார். அருகிலுள்ள படகுகளும் திரும்புகின்றன. ஐந்து நிமிடத்தில் முப்பது, நாற்பது பேர். மேலிருந்து பார்த்தால் ஆரஞ்சு நிற மேற்சட்டைகளின் வட்டம். கீழிருந்து பார்க்கும் ஆமைக்கு அது கூரை. மூச்சுக்காக மேலே வரத் தொடங்கிய ஆமை, உதைக்கும் கால்களையும் நிழல்களையும் பார்த்துப் பாதி வழியில் திரும்புகிறது. ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ள அதனால் முடியாது என்று முன்பே பார்த்தோம். நீந்தித் தப்ப வேண்டும். அதற்கோ கூடுதல் உயிர்வளி வேண்டும். அது கையிருப்பில் குறைந்துகொண்டே வருகிறது. இப்படி ஒருமுறை நடந்தால் ஆமை செத்துவிடாது. ஆனால் காலை ஒன்பது மணிப் படகு, பத்து மணிப் படகு, இரண்டு மணிப் படகு என்று நாள் முழுவதும், பருவம் முழுவதும் நடந்தால் என்னாகும்? கடற்புல் சத்துக் குறைந்த உணவு. நெடுநேரம் மேய்ந்தால்தான் உடலில் ஏதாவது சேரும். மேய்ச்சல் நேரத்தைத் தப்பி ஓடுவதில் செலவிட்டால் அந்தக் கணக்கு இடிக்கும்.

பெண் பேராமை ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடுவதில்லை. தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் சில ஆண்டுகள் மேய்ந்து கொழுப்பைச் சேர்த்த பிறகே, தான் பிறந்த பகுதியின் கரையைத் தேடி வரும். வந்த பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகப் பல தடவை கரையேறும். ஒவ்வொரு தடவையும் நூறு முட்டை அளவில் இடும். இந்தக் காலத்தில் அது பெரும்பாலும் உண்பதில்லை. சேமிப்பிலேயே காலம் தள்ளுகிறது. இரண்டு கரையேற்றங்களுக்கு இடைப்பட்ட நாள்களில் கரையருகே பாறையோரமாக ஓய்வெடுக்கும். ஆகவே ஜூலை மாதத்தில் ரெடாங் பாறையடியில் அசையாமல் படுத்திருக்கும் ஆமை சோம்பேறி அன்று. அடுத்த நூறு முட்டைகளை வயிற்றில் வளர்த்துக்கொண்டிருக்கும் தாயாக இருக்கலாம். அதை எழுப்பிவிடுவதற்காக மேலிருந்து காலை உதைத்துச் சத்தம் எழுப்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரசவ அறைக்குள் பறையடித்துக்கொண்டு போவோமா?

மூன்று மீட்டர் தொலைவு என்பது பல நாடுகளில் வழிகாட்டியாகச் சொல்லப்படும் அளவு. அதைவிட முக்கியமானது நாம் இருக்கும் இடம். ஆமையின் நேர்மேலே மிதக்கக்கூடாது. முன்னால் போய் மறிக்கக்கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசைக்கு இணையாக, மெதுவாக மிதக்க வேண்டும். அது மேலே வரும்போது நாம் அசையாமல் நின்றுவிட்டால் போதும். துரத்தாத மனிதரைப் பேராமை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மேய்ச்சலைத் தொடரும். பத்து நிமிடம் பொறுமையாக மிதந்தவருக்கு, துரத்திச் சென்றவர் காணாத காட்சிகள் எல்லாம் கிடைக்கும். தொடுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ரந்தாவ் அபாங்கில் நடந்தது

ஆமை பார்க்கப் போகும் சுற்றுலா நம் நாட்டுக்குப் புதிதன்று. மூச்சுக்குழல் நீச்சல் பரவுவதற்கு முன்பே திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரை உலகப் புகழ் பெற்றிருந்தது. இரண்டு மீட்டர் வரை நீளமும் பல நூறு கிலோகிராம் எடையும் உள்ள ஏழுவரி ஆமைகள் இரவில் அங்கே கரையேறின. 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூடுகள். 1970களிலும் 80களிலும் கார்களும் பேருந்துகளும் வரிசையாக வந்து நின்றன. கைவிளக்குகளை முகத்தில் அடித்தார்கள். முட்டையிடும் ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தார்கள். 2000க்குப் பிறகு அக்கரைக்கு வந்த ஏழுவரி ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை.

சுற்றுப்பயணிகள்தாம் இந்த அழிவுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மைகூட ஆகாது. முதல் காரணம் முட்டை. முட்டை சேகரிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. ஏறத்தாழ எல்லா முட்டைகளும் சந்தைக்குப் போயின. இரண்டாவது காரணம் வலை. திருக்கை பிடிக்கும் பெருங்கண் வலைகளிலும் ஆழ்கடல் வலைகளிலும் சிக்கிய ஆமைகள் மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கி மாண்டன. இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆமை முதிர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும். முட்டைகள் அனைத்தையும் எடுத்துவிட்டாலும், முன்பே பிறந்து வளர்ந்த தாய்கள் தொடர்ந்து கரையேறிக்கொண்டிருக்கும். கரையில் நின்று எண்ணுபவருக்குக் குறை எதுவும் தெரியாது. அந்தப் பழைய தாய்கள் ஒவ்வொன்றாக மறையும்போதுதான், அடுத்த தலைமுறை என்று ஒன்று இல்லவே இல்லை என்பது தெரியவரும். தெரியும்போது ஒன்றும் செய்ய இயலாது. நூலகத்தில் புதுநூல் வாங்குவதை நிறுத்திவிட்ட செய்தி, பழைய நூல்கள் கிழியத் தொடங்கும்போதுதானே நமக்கு உறைக்கிறது!

காப்பாற்ற முயலவில்லையா என்றால், முயன்றார்கள். 1961லேயே ரந்தாவ் அபாங்கில் பொரிப்பகம் தொடங்கியது. ஆனால் பொரிப்பக மணலின் வெப்பநிலை ஒரு பெருஞ்சிக்கலை உண்டாக்கியது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பம். ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டி ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். நிழலில்லாத பொரிப்பகத்தில் புதைக்கப்பட்ட முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகளே பொரிந்தன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இந்தப் பாடம் பிற இடங்களில் பயன்பட்டது. ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரையில் 1993 முதல் ஆய்வு நடத்திவரும் இன்றைய மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகக் குழுவினர், இயன்றவரை முட்டைகளைத் தாய் இட்ட குழியிலேயே விட்டுப் பாதுகாக்கிறார்கள். மரநிழல் விழும் குழி, வெயில் படும் குழி என்று இயற்கையே இருபாலையும் பார்த்துக்கொள்கிறது.

சபாவிலும் முயற்சி பழையதே. சண்டாக்கானுக்கு வடக்கே உள்ள செலிங்கான் தீவில் 1966இல் பொரிப்பகம் அமைந்தது. 1977இல் செலிங்கான், பாக்குங்கான் கெச்சில், குலிசான் ஆகிய மூன்று தீவுகளும் ஆமைத்தீவுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே இரவில் தங்கும் சுற்றுப்பயணிகள், பூங்கா அதிகாரி அழைக்கும்வரை கடற்கரையில் கால்வைக்க முடியாது. சிப்பாடான் தீவிலிருந்த தங்குவிடுதிகள் 2004ஆம் ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டன. இப்போது அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் பகலில் போய் வரலாம், தங்க முடியாது. கட்டுப்பாடு வைத்தால் சுற்றுலா படுத்துவிடும் என்று வாதிடுகிறவர்கள், சிப்பாடான் சீட்டுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டினரைப் பார்க்கட்டும்.

முட்டை விற்பனையில் திரெங்கானு எடுத்த முடிவு தாமதமானாலும் பெரியது. ஏழுவரி ஆமையின் முட்டைக்கு முன்பே தடை இருந்தும், மற்ற ஆமைகளின் முட்டை குவாலா திரெங்கானு சந்தையில் வெளிப்படையாகக் கிடைத்தது. 1951ஆம் ஆண்டு ஆமைச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால், 2022 ஜூன் முதல் எல்லாக் கடலாமை முட்டைகளின் வணிகமும் அம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது. அக்டோபர் 2025இல் வந்த செய்தியும் மகிழ்ச்சியானதே. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் பேராமையை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து 'குறைந்த கவலைக்குரியது' என்ற நிலைக்கு மாற்றியது. பல பத்தாண்டுக் காவலின் பலன் அது. ஆனால் அது உலகக் கூட்டுத்தொகை. பெண் ஆமை தான் பிறந்த பகுதிக்கே திரும்பும் இயல்புடையது என்பதால், ஒரு கரையின் ஆமைக்கூட்டம் அழிந்தால் வேறு கரையின் கூட்டம் இடம்பெயர்ந்து வந்து நிரப்புவதில்லை. அத்திலாந்திக்கில் ஏழுவரி ஆமை இருக்கிறது. ரந்தாவ் அபாங்குக்கு அது வரப்போவதில்லை. அழுங்காமையோ அதே பட்டியலில் இன்றும் மிகக் கடுமையான ஆபத்து நிலையில்தான் நிற்கிறது.

பாறை என்று சொன்னாலும்

பவளப்பாறையைத் தமிழில் பாறை என்று சொல்லிப் பழகியதால், அதன்மேல் ஏறி நிற்பது தவறென்றே பலருக்குத் தோன்றுவதில்லை. பவளம் உயிருள்ள விலங்கு. குண்டூசித் தலை அளவுள்ள ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய சுண்ணாம்பு ஊர் அது. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து உணவு கொடுக்கின்றன, நிறமும் கொடுக்கின்றன. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசிகள் வெளியேறிப் பவளம் வெளிறிப்போகும். 1998இலும் 2010இலும் இது நம் தீவுகளில் நடந்தது. 2010இல் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஏப்ரல் 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டபோது மலேசியப் பாறைகளும் அதில் அடங்கின. வெளிறிய பவளம் உடனே சாவதில்லை; நீர் குளிர்ந்தால் மீளலாம். அந்த வேளையில் அதன்மேல் துடுப்புக் காலணியால் உதைப்பது, காய்ச்சலில் கிடப்பவரை மிதிப்பதற்கு ஒப்பாகும். களைப்பாக இருந்தால் மேற்சட்டையின் துணையோடு மல்லாந்து மிதக்கலாம். நிற்க இடம் தேட வேண்டாம்.

வெயில் காப்புக் களிம்புகளில் சேர்க்கப்படும் ஆக்சிபென்சோன் போன்ற பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யும் என்ற கவலையால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. நம் ஊரில் அதைவிட எளிய வழி உண்டு. நீளக்கை நீச்சல் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிந்துகொண்டால் களிம்பே முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும்தான் தேவைப்படும். முதுகு வெந்துபோய் மூன்று நாள் குப்புறப் படுக்கும் துன்பமும் மிச்சம்.

முகத்தைப் படித்தல்

ஆமைகளை எண்ணுவது எப்படி? முன்பெல்லாம் முன்துடுப்பில் உலோகத் தகடு பொருத்துவார்கள். கரையேறும் பெண்ணுக்கு அது சரி. கரைக்கே வராத ஆணையும் இளம் ஆமையையும் எப்படி அடையாளம் காண்பது? இங்கேதான் மூச்சுக்குழல் நீச்சல் ஆய்வுக்குக் கைகொடுக்கிறது. கடலாமையின் கன்னத்திலுள்ள செதில்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், நம் கைரேகை போல. இடக்கன்னமும் வலக்கன்னமும்கூட ஒன்றுபோல் இரா. பெர்ஹெந்தியானில் 2015இல் தொடங்கிய ஆமைத் திட்டம் இம்முறையில்தான் அங்குள்ள ஆமைகளைப் பதிவு செய்துவருகிறது. சுற்றுப்பயணிகள் எடுத்த படங்களும் அதற்குப் பயன்படுகின்றன. எந்த ஆமை எத்தனை ஆண்டாக அங்கே மேய்கிறது, எது புதிதாக வந்தது, எது படகு விசிறியில் அடிபட்டும் பிழைத்தது என்பதெல்லாம் அப்படங்களிலிருந்து தெரியவருகின்றன.

நீர்புகாத படக்கருவி வைத்திருக்கும் நம் மாணவர்களும் இதைச் செய்யலாம். ஆமையோடு சேர்ந்து சிரிக்கும் தற்படம் ஆய்வுக்கு உதவாது. பக்கவாட்டில் மிதந்தபடி, மின்னொளி இல்லாமல், முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் தெரிய ஒரு படம். வாய்த்தால் மறுபக்கம் ஒன்று. ஓடு தெரிய ஒன்று. தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாலையும் கவனியுங்கள். வளர்ந்த ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நீண்டு தடித்திருக்கும். பெண்ணுக்குக் குட்டையாக இருக்கும். சிறிய ஆமையில் வாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இனம் எது என்று ஐயம் வந்தால் நெற்றியைப் பாருங்கள். இரு கண்களுக்கும் இடையே மூக்கை ஒட்டி ஒரு சோடிச் செதில் இருந்தால் பேராமை. இரண்டு சோடி இருந்து, ஓட்டின் தகடுகளும் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அழுங்காமை.